கையை அளந்த பின்னரே தகட்டை அறுங்கள்



காலுக்குப் பொருந்தாத செருப்பை இலவசமாகக் கொடுத்தாலும் நாம் வாங்குவதில்லை. பெருநாளைக்குச் சட்டை தைக்கக் கொடுத்தால், தையற்காரர் தோள் முதல் மணிக்கட்டு வரை நாடாவைப் பிடித்து அளந்த பின்னரே துணியில் கத்தரியை வைக்கிறார். ஆனால், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் நம் பத்து விரல்களும் உழைக்கின்ற கணினி விசைப்பலகையை வாங்கும்போது மட்டும் கையை எவரும் அளப்பதில்லை. பெரிய கை, சிறிய கை, நோயுற்ற கை எல்லாவற்றுக்கும் ஒரே பலகைதான். கைதான் பலகைக்குத் தக்கவாறு வளைந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் இப்பகுதியில் தையல் இயந்திரப் பராமரிப்பைப் பற்றிப் பேசினோம். இம்மாதம், ஒருவர் தம் கைக்கு ஏற்ற விசைப்பலகையைத் தாமே வரைந்து, பட்டறையில் அறுத்துச் செய்து கொள்வதைப் பற்றிப் பார்ப்போம். "இதெல்லாம் பொழுதுபோக்கு அல்லவா?" என்று தாங்கள் கேட்கலாம். எனக்கும் தொடக்கத்தில் அவ்வாறுதான் தோன்றியது. என் மூத்த சகோதரியின் வீட்டில் நடந்ததைக் கண்ட பிறகு என் எண்ணம் மாறியது.

ஒரு மணிக்கட்டின் கதை

என் சகோதரி வீட்டிலிருந்தபடியே அச்சகங்களுக்குத் தமிழ் தட்டச்சு செய்து கொடுப்பவர். சுபுஹுக்குப் பின்னர் அமர்ந்தாரென்றால் பிள்ளைகள் எழும் வரையிலும், மீண்டும் லுஹருக்குப் பிறகு மாலை வரையிலும் அதே வேலைதான். இரண்டு பிள்ளைகளின் படிப்புச் செலவில் பெரும்பகுதி அந்த விரல்களிலிருந்தே வந்தது. மூன்றாண்டுகளுக்கு முன்பு அவருக்கு வலக்கை மணிக்கட்டில் வலி தொடங்கியது. பிறகு அந்த வலி கட்டைவிரலுக்கும் ஏறியது. தேநீர்க் கோப்பையை ஒரு கையால் தூக்க முடியாத நிலை வந்தபோதுதான் எங்களிடம் வாய் திறந்து சொன்னார். மருத்துவர் கைக்கு ஓய்வு தேவை என்றார். ஓய்வெடுத்தால் வருமானத்துக்கு எங்கே போவது?

அவருடைய மூத்த மகன் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படித்தவன். ஒரு நாள் உம்மா தட்டச்சு செய்வதைப் பக்கவாட்டிலிருந்து வெகுநேரம் பார்த்துக் கொண்டிருந்தவன், என்னை அழைத்துக் காட்டினான். "மாமா, முழங்கைகள் இரண்டும் அகன்றிருக்கின்றன. கைகளோ பலகையின் நடுவில் வந்து சேர்கின்றன. அதனால் மணிக்கட்டு இரண்டும் வெளிப்பக்கம் முறுக்கிக் கொண்டு நிற்கின்றன, பாருங்கள்!" என்றான். உண்மைதான். இத்தனை ஆண்டுகளாக நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பலகை ஏன் இப்படி இருக்கிறது?

தங்கள் வீட்டு விசைப்பலகையைச் சற்று உற்று நோக்குங்கள். விசைகள் நேர்க்கோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கவில்லை. ஒவ்வொரு வரிசையும் சிறிது விலகிச் சரிந்திருக்கிறது. ஏன் தெரியுமா? அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிறிஸ்டோபர் ஷோல்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1868ஆம் ஆண்டு தட்டச்சு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றனர். 1874இல் ரெமிங்டன் நிறுவனம் அவ்வியந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் நெடிய நெம்புகோல் ஒன்று ஓடியது. ஒரு நெம்புகோல் மற்றொன்றின் மீது இடித்துக் கொள்ளாமல் செல்ல வேண்டுமானால் விசைகள் சரிந்துதான் நிற்க வேண்டும். இன்றைய விசைப்பலகையில் நெம்புகோல் ஏதும் இல்லை. சரிவு மட்டும் நூற்றைம்பது ஆண்டுகளாக நம்மோடு வந்து கொண்டிருக்கிறது.

இந்தச் சரிவுக்கு மாற்றுத் தேடியவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 1970களில் லிலியன் மால்ட் என்ற பெண்மணியும் ஸ்டீபன் ஹாப்டே என்ற பொறியாளரும் சேர்ந்து 'மால்ட்ரான்' என்ற விசைப்பலகையை உருவாக்கினர். இரு கைகளுக்கும் விசைகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்தார்கள். விரல்களின் நீளத்துக்கு ஏற்பக் குழிவாக அமைத்தார்கள். சாதாரணப் பலகையில் இடைவெளி விசை ஒன்றை மட்டுமே தட்டிக்கொண்டிருக்கும் கட்டைவிரல்களுக்கு உரிய வேலையைக் கொடுத்தார்கள். ஒரு கையை மட்டுமே பயன்படுத்தக் கூடியவர்களுக்கென்றும் அந்தப் பெயரில் விசைப்பலகைகள் செய்யப்பட்டன. முதலில் கையைப் பார்த்து, பிறகு பலகையை வரைந்தவர்கள் அவர்கள்.

முதற்படி: காகிதமும் பென்சிலும்

என் மருமகனும் அதையே செய்தான். உம்மாவை நாற்காலியில் இயல்பாக அமரச் செய்து, மேசைமீது பெரிய தாளை விரித்து, கைகளைத் தளர்வாக வைக்கச் சொன்னான். ஒவ்வொரு விரல் நுனியையும் பென்சிலால் குறித்துக் கொண்டான். இரு கைகளுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி வேண்டும், ஒவ்வொரு கையும் எத்தனை பாகை வெளிநோக்கித் திரும்பியிருக்கிறது என்பதெல்லாம் அந்தத் தாளிலேயே கிடைத்து விட்டன. சகோதரியின் கைகள் பன்னிரண்டு பாகை சாய்ந்திருந்தன. நடுவிரல் மோதிரவிரலைவிட 5 மில்லிமீட்டர் முன்னே நின்றது. சுண்டுவிரலோ 12 மில்லிமீட்டர் பின்தங்கியிருந்தது.

விசைகளுக்கு இடையிலான தூரம் பொதுவான அளவு. ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடு வரை 19.05 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம். அந்த அளவுக்கு அட்டைச் சதுரங்களை வெட்டி, தாளின்மீது அடுக்கிப் பார்த்தான். ஒரு கைக்கு நான்கு வரிசை, ஆறு நிரல். ஆக 24 விசைகள். கட்டைவிரலுக்கு ஆறு. இரு கைகளுக்கும் சேர்த்து 60 விசைகள். வலப்பக்க எண் விசைத் தொகுதியை விட்டுவிட்டதால், சுட்டியையும் கைக்கு அருகில் கொண்டுவர முடிந்தது.

அட்டைமீது விரல் வைத்து, "தட்டுவது போல் பாவனை செய்யுங்கள், உம்மா" என்றான். அவர் நாலைந்து சொற்களைத் 'தட்டி'விட்டு, "ஞாயிறு என்று எழுத வேண்டுமானால் ஞ எங்கே?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் திகைத்துப் போனோம்.

காரணத்தைச் சொல்கிறேன். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக் கொண்டது தமிழ்99 விசையமைப்பு. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம் இருக்கும். மெய்வரிசையின் பெரும்பகுதி வலக்கைப் பக்கம். க என்ற விசையைத் தட்டி, ஆ என்ற விசையைத் தட்டினால் கா வந்துவிடும். இதன்படி மேல்வரிசையில் வலக்கைக்கு உரிய எழுத்துகள் ள, ற, ன, ட, ண, ச, ஞ என ஏழு. நாங்கள் வைத்திருந்த நிரல்களோ ஆறு! ஆங்கிலத்தை மனத்தில் வைத்து வரையப்பட்ட படங்களைப் பார்த்து அமைத்ததால், ஏழாவது எழுத்து பலகைக்கு வெளியே விழுந்து விட்டது. சகோதரி ஒரு கேள்வியால் அதைக் காப்பாற்றினார். வலக் கட்டைவிரலுக்குரிய ஆறு விசைகளில் ஒன்றை ஞகரத்துக்கு ஒதுக்கினோம்.

தமிழுக்கு இந்த இடநெருக்கடி புதிதன்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் பணியாற்றிய ஆர். முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசைப்பலகையை அமைத்தபோது, 247 எழுத்துகளை ஒரு கைப்பிடி விசைகளுக்குள் அடக்க வேண்டியிருந்தது. அவருக்கு இரும்பில் பிழை திருத்த வேண்டிய கட்டாயம். எங்களுக்கு அட்டையிலேயே திருத்திக் கொள்ளும் வாய்ப்பு. இந்தப் படியில் ஒரு வாரம் செலவானாலும் அது வீணன்று என்பதைத் தாங்கள் நினைவில் கொள்ளுங்கள்.

சுவிட்சும் தகடும்

மலிவான விசைப்பலகைகளில் விசைக்கு அடியில் இருப்பது ரப்பர்க் குமிழ். அதை ஏறக்குறைய அடிவரை அழுத்தினால்தான் எழுத்து பதியும். இயந்திர விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனியாக ஒரு சுவிட்ச் உண்டு. அதற்குள் ஒரு சுருள்வில்லும் இரண்டு உலோக இதழ்களும் இருக்கும். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்.எக்ஸ். வகைச் சுவிட்சின் அளவுகளையே இன்று பல நிறுவனங்களும் பின்பற்றுகின்றன. அதன் முழு இறக்கம் 4 மில்லிமீட்டர். ஆனால் 2 மில்லிமீட்டர் இறங்கியதுமே இதழ்கள் தொட்டுக் கொள்ளும். ஆகவே, அடிவரை ஓங்கிக் குத்த வேண்டிய அவசியமில்லை. சிவப்புத் தண்டு கொண்ட வகைக்கு 45 சென்டிநியூட்டன் விசை போதும். அதாவது, ஏறத்தாழ 46 கிராம் எடையை விரலால் அழுத்துவது போன்றது. கறுப்புத் தண்டு வகைக்கு 60 வேண்டும். சகோதரிக்குச் சிவப்பையே தேர்ந்தெடுத்தோம்.

இந்தச் சுவிட்சுகளைத் தாங்கி நிற்பது ஓர் உலோகத் தகடு. 14 மில்லிமீட்டர் சதுரத் துளைகள் 60. தகட்டின் கனம் 1.5 மில்லிமீட்டர். இந்தக் கனத்தில் விளையாட முடியாது. சுவிட்சின் பக்கவாட்டுப் பற்கள் தகட்டின் அடிப்புறத்தைக் கவ்விப் பிடிக்கும்படி அந்த அளவுக்கே செய்யப்பட்டுள்ளன. 'இன்னும் உறுதியாக இருக்கட்டுமே' என்று 3 மில்லிமீட்டர் தகட்டை வாங்கினால், பற்கள் கவ்வ இடமிருக்காது.

பட்டறையில் கற்ற பாடம்

நாங்கள் 6061 வகை அலுமினியத் தகட்டை எடுத்துக் கொண்டு, கணினி வழி இயங்கும் மில்லிங் இயந்திரம் உள்ள ஒரு சிறு பட்டறைக்குச் சென்றோம். பட்டறைப் பெரியவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, முதலில் ஒரு துண்டில் நாலு துளை மட்டும் போட்டுப் பார்ப்போமே" என்றார். என் மருமகனுக்கு அவசரம். "வேண்டாம் ஐயா, அளவெல்லாம் சரிபார்த்து விட்டேன். முழுவதையும் அறுத்து விடுங்கள்" என்றான்.

அறுக்கும் முறையைத் தெரிந்து கொள்வது நல்லது. மெல்லிய தகடு வெட்டும்போது அதிரும். ஆகவே அதை ஒரு பலகைமீது இருபுறம் ஒட்டும் நாடாவாலும் திருகுகளாலும் இறுக்கி வைக்க வேண்டும். முதலில் உள்துளைகள், கடைசியில்தான் வெளிவிளிம்பு. விளிம்பை முதலில் அறுத்தால் தகடு நகர்ந்துவிடும். 2 மில்லிமீட்டர் எண்ட் மில் கொண்டு, நிமிடத்துக்கு 60 மீட்டர் வெட்டுவேகத்தில் அறுக்க வேண்டுமானால் சுழற்சி நிமிடத்துக்கு ஏறத்தாழ 9,550 சுற்று. இரண்டு வெட்டுமுனைகள், ஒவ்வொன்றும் 0.01 மில்லிமீட்டர் கடிக்கிறது என்றால், ஃபீட் நிமிடத்துக்கு ஏறத்தாழ 190 மில்லிமீட்டர். இயந்திரத்தின் வேகம் குறைவானால் ஃபீடும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். அலுமினியம் சூடேறினால் வெட்டுமுனையில் ஒட்டிக் கொண்டு அதை ஒடித்துவிடும். நம் பட்டறைகளில் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விடுவது அதற்காகத்தான்.

தகடு தயாராயிற்று. வெர்னியர் வைத்துப் பார்த்தால் 14.0 மில்லிமீட்டர், அப்பழுக்கில்லை. ஆனால் சுவிட்ச் உள்ளே அமரவில்லை! வட்டமாகச் சுழலும் கருவி சதுரத்தின் உள்மூலையை வெட்டவே முடியாது. அதன் ஆரம் எவ்வளவோ, அவ்வளவு வளைவை மூலையில் விட்டுச் செல்லும். 2 மில்லிமீட்டர் கருவி என்றால் மூலையில் 1 மில்லிமீட்டர் வளைவு. சுவிட்சின் மூலையோ அதைவிடக் கூர்மையானது. மூலையைப் பற்றி எங்கள் வரைபடத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. குற்றம் முழுவதும் எங்களுடையதே.

60 துளைகள், துளைக்கு நான்கு மூலைகள், ஆக 240 மூலைகள்! சதுர ஊசி அரம் ஒன்றை ஆளுக்கொன்றாக எடுத்துக் கொண்டு, மூன்று மாலைகள் நானும் அவனும் அமர்ந்து ராவினோம். அரத்தைப் பிடிக்க இயலாத சகோதரி எதிரில் அமர்ந்து, ராவிய துளை ஒவ்வொன்றிலும் சுவிட்சை வைத்துப் பார்த்து, "இது சரி, அது இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக் கொண்டிருந்தார். பெரியவர் கேட்ட நாலு துளைக்கு அரைமணி நேரம் ஆகியிருக்கும்.

தாங்கள் இதே வேலையில் இறங்கினால், மூலை ஒவ்வொன்றிலும் கருவி சற்று வெளியே சென்று வரும்படி வரைபடத்திலேயே சிறு பொழிவு கொடுத்து விடுங்கள். சுவிட்சின் மேல்விளிம்பு அதை மறைத்துவிடும். அல்லது லேசர் முறையில் அறுக்கக் கொடுங்கள். அப்போது கதிர் தின்னும் அகலத்தை வரைபடத்தில் கழித்துக் கொள்ள வேண்டும். நிறமேற்ற ஆனோடைசிங் செய்வதானால், அந்தப் படலத்தின் ஒரு பகுதி வெளிநோக்கி வளர்ந்து துளையை நூலளவு சுருக்கும் என்பதையும் மறவாதீர்கள். எதுவாயினும் ஒரு சிறு துண்டில் நான்கு துளைகளை முதலில் போட்டுப் பாருங்கள்.

அடிப்பெட்டியும் உள்வேலையும்

அடிப்பெட்டியையும் ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து குடைந்தெடுக்க வேண்டும் என்பது மருமகனின் ஆசை. கணக்குப் போட்டுப் பார்த்தோம். 340 மில்லிமீட்டர் நீளம், 170 அகலம், 16 கனமுள்ள கட்டியின் எடை சுமார் 2.5 கிலோ. அதில் 1.85 கிலோ சுருளாகத் தரையில் விழும். விலை கொடுத்து வாங்கியதில் முக்கால் பங்கைக் குப்பைக்கு அனுப்ப வேண்டுமா? மரச்சட்டம் ஒன்றைச் செய்து, அடியில் ஒரு தகட்டைத் திருகிக் கொண்டோம். கைக்கு மரம் குளிர்ச்சியின்றி இதமாகவும் இருக்கிறது.

அடுத்தது மின்னிணைப்பு. 60 விசைகளுக்கு 60 கம்பிகள் தேவையில்லை. ஐந்து வரிசை, பன்னிரண்டு நிரல் என்று வலைபோல் பின்னினால் 17 கம்பிகள் போதும். நுண்கட்டுப்படுத்தி ஒவ்வொரு வரிசையாக மின்சாரம் கொடுத்து, எந்த நிரலில் அது திரும்பி வருகிறது என்று கண்டுபிடிக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. செவ்வகத்தின் மூன்று முனைகளிலுள்ள விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால், தொடாத நான்காவது முனையும் அழுத்தப்பட்டதாகத் தோன்றும். அதைத் தடுக்க, விசைக்கு ஒன்றாக 1என்4148 என்ற டையோடைப் பற்றவைக்கிறார்கள். மின்சாரம் ஒரே திசையில் மட்டும் செல்லும்படி அது காவல் காக்கும். டையோடின் கறுப்புக் கோடு அனைத்திலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். ஒன்று திரும்பினால் அந்த விசை ஊமையாகிவிடும். சால்டரிங் செய்யும்போது சன்னல்களைத் திறந்து வையுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் உணவில் வைக்காதீர்கள்.

நுண்கட்டுப்படுத்திக்கு 2021இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ என்னும் சிறு பலகையைப் பயன்படுத்தினோம். அதில் நமக்குக் கிடைக்கும் முனைகள் 26. நமக்குத் தேவை 17தான். அதற்குரிய கியூ.எம்.கே. என்னும் மென்பொருளை எவரும் விலையின்றி எடுத்துக் கொள்ளலாம். விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை என்பதை இங்கே அறிந்து கொள்ளுங்கள். அது அனுப்புவது விசைக்குரிய எண்ணை மட்டுமே. அதை எழுத்தாக மாற்றுவது கணினி. எனவே, கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் அந்த விசைக்கு, சாதாரணப் பலகையில் ஞகரம் இருக்கும் இடத்தின் எண்ணைக் கொடுத்ததும், கணினி எந்த மறுப்புமின்றி ஞ என்று எழுதியது.

இதனால் என்ன பயன்?

சகோதரிக்கு வலி பறந்தோடிப் போயிற்று என்று எழுதினால் அது பொய்யாகும். எந்தப் பலகையும் மருந்தன்று. மணிக்கட்டு வலியுள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து கைகளைத் தளர்த்த வேண்டும். புதிய அமைப்புக்குக் கை பழக அவருக்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடித்தது. முதல் வாரத்தில் பழைய பலகையையே கொண்டுவரச் சொல்லிக் கோபித்துக் கொண்டார். இப்போது மணிக்கட்டு நேராக இருக்கிறது. மாலையில் கோப்பையை ஒரு கையால் தூக்குகிறார். குளிர்நாட்களில் மட்டும் வலி எட்டிப் பார்க்கிறது. வேலையை விட வேண்டியிருக்கவில்லை. அதுவே எங்களுக்குப் பெரிதாக இருக்கிறது.

செலவு என்று பார்த்தால், கடைப்பலகையைப் போல் பல மடங்கு ஆகும். அதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும், இதன் முக்கியமான பகுதிக்குச் செலவே இல்லை. தங்கள் வீட்டில் தையல், தட்டச்சு, கணக்கு, எதுவாயினும் கைவேலை செய்பவர் இருந்தால், இன்றே ஒரு கால்மணி நேரம் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து அவருடைய கையைக் கவனியுங்கள். தோள் உயர்ந்திருக்கிறதா? மணிக்கட்டு முறுக்கியிருக்கிறதா? ஒரு தாளை விரித்து விரல் நுனிகளைக் குறித்துப் பாருங்கள். பலகையைச் சிறிது நகர்த்துவதும், நாற்காலியை உயர்த்துவதும், சுட்டியை அருகே வைப்பதுமே சிலருக்குப் போதுமானதாக இருக்கலாம். அதற்கு மேலும் தேவைப்பட்டால், அட்டை, பிறகு ஒட்டுப்பலகை, கடைசியில் உலோகம் என்ற வரிசையில் செல்லுங்கள்.

தங்கள் பிள்ளை இத்தகைய வேலையில் ஆர்வம் காட்டினால், "கடையில் கிடைக்காததா?" என்று தடுத்து விடாதீர்கள். அது யாருடைய கைக்கு என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கைக்கு உரியவரை முதல் நாளிலிருந்தே அருகில் அமர்த்திக் கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் வரைபடத்தில் விடுபட்ட ஞகரத்தைக் கண்டுபிடித்தது இயந்திரவியல் படித்தவனும் அல்ல, நானும் அல்ல.

அடுத்த இதழில் மற்றொரு தொழிலைப் பற்றிப் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.